எரிமலை மண்ணும் யவனர் தேறலும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தவர்கள் அங்குள்ள கருமணலை மறக்க மாட்டார்கள். அலை வந்து பின்வாங்கியபின், வெளிறிய மணலின்மீது மை தீட்டியதுபோல் அது கோடுகோடாய்ப் படிந்து கிடக்கும். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியல் அறிஞர், தென் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதில் மோனசைட் என்னும் அரிய கனிமம் இருப்பதைக் கண்டார். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, மணவாளக்குறிச்சிக் கரை புலப்பட்டது. அந்நாளில் காஸ் விளக்குகளின் மேண்டில் செய்வதற்குத் தேவையான தோரியம் மோனசைட்டிலிருந்து கிடைத்தமையால், அக்கரை உலகப் புகழ் பெற்றது. நார் விற்றவருக்கு மணலை விற்கும் எண்ணம் இருந்ததில்லை. ஆயினும் சரக்கோடு மண்ணும் சென்றது. சென்ற இடத்தில் தன் ஊர்ப்பெயரையும் சொல்லிற்று.

இதையொத்த நிகழ்ச்சி ஒன்று எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், இத்தாலி நாட்டு எரிமலை ஒன்றின் கருமணல் தமிழகத்துத் துறைமுகங்களை வந்தடைந்தது. அது மணலாக வரவில்லை. மதுச்சாடிகளின் உடலில் கலந்து வந்தது. மது பருகப்பட்டது, சாடி உடைந்தது, மணல்மட்டும் இன்னும் இருக்கிறது. அம்மணல் நமக்கு என்ன சொல்லுகிறது என்பதே இப்பேச்சின் பொருள். மதுவின் புகழைப் பாடுவது நம் நோக்கமன்று. மது வந்த வழியை அறிவதே நோக்கம்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகிலுள்ள காரக்கோணம் எனது ஊர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா தமிழ்ப் பக்கத்திலும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலும் அமைந்தன. கோடு மனிதருக்கே அன்றிப் பனைமரத்துக்கு இல்லை. இருபுறத்தும் பனையேறிகள் ஒரே முறையில் பாளை சீவினார்கள். ஒரே முறையில் கலயம் கட்டினார்கள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் மறுநாள் காலையில் இறங்குவது இனிக்கும் அக்கானி. தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும். பானம் எதுவாகும் என்பதை மரம் மட்டும் முடிவு செய்வதில்லை. மட்கலமும் அதன் உட்பூச்சும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எங்கள் ஊர்ச் சிறுவன்கூட அறிந்த இவ்வுண்மையை நினைவிற் கொண்டால், இத்தாலியச் சாடியின் கதை எளிதில் விளங்கும்.

இத்தாலியின் மேற்குக் கரையில் நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சூழ்ந்துள்ள நிலப்பகுதிக்குக் கம்பானியா என்று பெயர். அதன் நடுவே வெசூவியஸ் எரிமலை நிற்கிறது. பன்னெடுங் காலமாக அது கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் படிந்து அந்நிலம் உருவாயிற்று. இம்மண் நுண்துளைகள் மிக்கது. மழைநீரை வேரடியில் தேங்கவிடாமல் வடித்துவிடும். ஆயினும் துளைகளில் பொதிந்த ஈரத்தைக் கோடையில் சிறிது சிறிதாகக் கொடிக்கு வழங்கும். பொட்டாசியம் முதலிய உப்புகளும் அதில் மிகுதி. எங்கள் ஊர்ச் செம்மண்ணோ, நீண்ட மழைக்காலங்கள் உப்புகளைக் கரைத்துக்கொண்டு போனபின் எஞ்சிய மண். அது ரப்பரையும் மரச்சீனியையும் வளர்க்கும். நல்ல மதுவுக்குரிய திராட்சையை வளர்க்காது.

எரிமலை மண்ணுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கியது. பிற இடங்களில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டியே திராட்சையைக் காப்பாற்ற முடிந்தது. மணற்பாங்கான எரிமலை மண்ணில் அப்பூச்சி எளிதில் பரவவில்லை. ஆகையால் கம்பானியாவின் சில இடங்களில், ஒட்டுக் கட்டாமல் தன் வேரிலேயே நிற்கும் கொடிகளை இன்றும் காணலாம்.

அங்கு விளையும் செந்நிறத் திராட்சைகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று அல்யானிகோ. அது தாமதமாகப் பழுப்பது. துவர்ப்பும் புளிப்பும் மிக்கது. மற்றொன்று பியதிரோஸ்ஸோ. அப்பெயரைத் தமிழாக்கினால் 'செங்கால்' என்றாகும். பழுக்குங் காலத்தில் அதன் காம்பு புறாவின் காலைப்போலச் சிவப்பதால் அப்பெயர் வந்தது. அல்யானிகோ உறுதி தரும். செங்கால் மென்மையும் மணமும் தரும். இரண்டையும் தக்க அளவிற் கலந்து வடிக்கும் செம்மதுவை அந்நாட்டு வல்லுநர் 'கட்டமைப்பு உடையது' என்பர். வீட்டுக்குத் தூணும் உத்திரமும் சுவரும் ஒன்றையொன்று தாங்குவதுபோல், மதுவில் துவர்ப்பும் புளிப்பும் சாரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதையே அச்சொல் குறிக்கிறது. அத்தகைய மது ஆண்டுகள் பல சென்றாலும் எளிதிற் கெடாது. வெசூவியஸ் சரிவில் விளையும் செம்மது 'கிறிஸ்துவின் கண்ணீர்' என்று பொருள்படும் பெயரால் இன்றும் விற்பனையாகிறது.

இக்கலை அங்கு எத்துணைப் பழமையானது என்பதற்கு எரிமலையே சான்று வைத்துச் சென்றது. கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் வெடித்துப் பொம்பேயி நகரைப் புதைத்தது. இயற்கை வரலாறு எழுதிய மூத்த பிளினி என்னும் உரோமானிய அறிஞரும் அப்பேரிடரில் உயிர் நீத்தார். புதைந்த திராட்சைக் கொடிகளின் வேர்கள் காலப்போக்கில் மக்கிப்போயின. அவை இருந்த இடங்கள் சாம்பலுக்குள் துளைகளாக நின்றன. 1960-களில் யாஷெம்ஸ்கி என்னும் அமெரிக்க அம்மையார் பொம்பேயியின் வட்டரங்குக்கு அருகே தோண்டியபோது, இத்தகைய வேர்த்துளைகள் 2,000-க்கு மேல் வெளிப்பட்டன. மாடு விற்கும் சந்தை என்று அதுவரை கருதப்பட்ட அவ்விடம் திராட்சைத் தோட்டம் என்பது உறுதியாயிற்று. அருகிலுள்ள பொஸ்கோரேயாலேயில் ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தில், மண்ணுக்குள் கழுத்தளவு புதைத்த 18 பெருந்தாழிகள் காணப்பட்டன. ஏறத்தாழ 10,000 லிட்டர் மது கொள்ளும் தாழிகள் அவை. பின்னர் 1990-களில், அவ்வேர்த்துளைகளின் இடைவெளியைப் பின்பற்றியே பொம்பேயிக்குள் மீண்டும் கொடிகள் நடப்பட்டன. அவற்றின் பழத்திலிருந்து 2001-ஆம் ஆண்டு அறுவடையில் ஒரு செங்கலவை மது வடிக்கப்பட்டது. செங்காலே அதில் முதன்மை.

கம்பானியாவின் மது அன்றே பெரும் புகழுடையது. மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்த ஃபாலெர்னம் என்னும் மது உரோமானியச் செல்வரின் விருந்துகளில் முதலிடம் பெற்றது. கி.மு. 121-ஆம் ஆண்டில் வடித்த மது, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், தேன்போல் இறுகிய நிலையில் எஞ்சியிருந்ததாகப் பிளினி எழுதுகிறார். நெடுங்காலம் நிற்கும் மது நெடுந்தூரமும் செல்லும் அன்றோ?

அவ்வாறு செல்வதற்கு உரிய கலமே ஆம்போரா என்னும் சாடி. நீண்ட கழுத்து, இரு கைப்பிடி, கூர்மையான அடி ஆகியவை அதன் உறுப்புகள். கம்பானியாவின் சாடியில் ஒவ்வொரு கைப்பிடியும் இரண்டு தண்டுகளை ஒட்டியதுபோல் இருக்கும். ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். உட்புறத்தில் பைன் மரப் பிசின் பூசுவார்கள். எங்கள் ஊர்க் கலயத்துக்குச் சுண்ணாம்பு எப்படியோ அப்படியே அச்சாடிக்குப் பிசின். நுண்துளைகள் வழியே மது கசியாமலும் விரைவிற் கெடாமலும் அது காத்தது. வாயை அடைத்து மேலே சாந்து பூசி முத்திரை இடுவதும் வழக்கம்.

வெசூவியஸைச் சூழ்ந்த ஊர்க் குயவர்கள் களிமண்ணைப் பதப்படுத்தும்போது அங்குக் கிடைத்த கருமணலைச் சேர்த்தார்கள். சாடியின் உடைந்த சில்லைக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தால், கரும் பளபளப்புடைய மணிகள் நிறைந்திருப்பதைக் காணலாம். ஆஜைட் என்னும் எரிமலைக் கனிமத்தின் மணிகள் அவை. நம் மணவாளக்குறிச்சிக் கருமணல் இதனின்றும் வேறுபட்டது. அது எரிமலையிற் பிறந்ததன்று. மேற்கு மலைத்தொடரின் தொன்மையான பாறைகள் சிதைந்து, ஆறுகளால் அடித்துவரப்பட்டு, அலைகளால் கொழிக்கப்பட்டது. இரண்டும் கறுப்பே, ஆனால் ஒவ்வொன்றும் தன் பிறப்பிடத்தைத் தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே கருமணல் கலந்த சாடிச்சில்லு எங்குக் கிடைத்தாலும், இது கம்பானியாவின் மண் என்று ஆராய்ச்சியாளர் அடையாளங் காண இயலுகிறது.

இனி அச்சாடி வந்த வழியை நோக்குவோம். இத்தாலியிலிருந்து கப்பலில் எகிப்தின் அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் ஆற்றின் வழியே கோப்தோஸ் என்னும் ஊர். கோப்தோஸிலிருந்து ஒட்டகத்தின்மேல் பாலைவனத்தைக் கடந்து செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே. இப்பாலைவன வழிக்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின என்று பிளினி கணக்குச் சொல்கிறார். பெரெனிகேயிலிருந்து செங்கடலின் வாயிலுக்கு ஏறத்தாழ முப்பது நாட்கள். அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் முசிறிக்கு நாற்பது நாட்கள். களிமண் சாடி ஒன்று ஆற்றையும் பாலையையும் கடல்களையும் கடந்து உடையாமல் வந்தது என்பதை எண்ணும்போது வியப்பு உண்டாகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற் பயணக் கையேடு' இவ்வழியின் துறைமுகங்களை ஒவ்வொன்றாய்க் கூறுகிறது. அதில் பாலிதா என்று ஒரு கடற்கரை ஊர் வருகிறது. அதற்கடுத்துக் குமரி வருகிறது. பாலிதாவை எங்கள் நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த விழிஞம் எனக் கருதுவோரும் உளர். குசராத்தின் பரிகாசா துறைமுகத்தில் மது விற்பனையாகும் என்றும், அதிலும் இத்தாலிய மதுவுக்கே விருப்பம் மிகுதி என்றும் அந்நூல் குறிக்கிறது. முசிறியைப்பற்றிக் கூறுமிடத்தோ, அங்குச் செல்லும் மது அதிகமில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. அங்கு யவனர் பெரிதும் நாடியது மிளகு. மது பெருவாரியான மக்களின் பொருளன்று. சிலரே பருகிய அரும்பொருள் என்று நாம் கொள்ள வேண்டும்.

அந்தச் சிலருள் பாண்டிய மன்னனும் ஒருவன் என்பதற்குப் புறநானூறு சான்று பகர்கிறது. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித்தர நாளும் மகிழ்ந்திருக்குமாறு அவனை வாழ்த்துகிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பாட்டின் ஒரு சொல் நெடுநாள் தொல்லை கொடுத்தது. யவனர் 'கலம்' தந்த தேறல் என்னுமிடத்தில், கலம் என்பது கப்பலா, பாத்திரமா? தமிழில் இரண்டுக்கும் அச்சொல் உரியது. பழைய உரைகாரர் குப்பி என்று பொருள் கொண்டார். வேற்று மொழியிற் பெயர்க்கும்போது ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றொன்றை விட்டுவிட நேர்கிறது. ஆனால் சாடியின் வரலாற்றை அறிந்தபின் அத்தொல்லை ஒருவாறு தணிந்தது. கப்பல் என்னும் கலம் இல்லையேல் சாடி என்னும் கலம் இங்கு வந்திராது. சாடி இல்லையேல் தேறலும் வந்திராது. தமிழ்ச்சொல் இரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது.

பாட்டு கூறியதை மண் உறுதி செய்த கதை 1944-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கு ஓர் அலமாரியைத் திறந்து பார்த்தபோது, ஒரு சாடியின் உடைந்த கைப்பிடி அவர் கைக்கு அகப்பட்டது. மத்தியதரைக் கடற்பகுதியின் ஆம்போரா அது என்று அவர் உடனே உணர்ந்தார். எங்கிருந்து வந்தது என வினவியபோது, புதுச்சேரிக்கு அருகிலிருந்து என்று விடை கிடைத்தது. அவ்விடமே அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலுள்ள அரிக்கமேடு. 1945-இல் வீலர் அங்கு அகழ்ந்தார். 1947-48-இல் பிரெஞ்சு அறிஞர் கசால் தொடர்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் மீண்டும் ஆராய்ந்தனர். அங்குக் கிடைத்த ஆம்போராச் சில்லுகளை எலிசபெத் வில் என்னும் அம்மையார் வகைப்படுத்தினார். கிரேக்கத் தீவான கோஸிலிருந்து வந்தவற்றோடு, கம்பானியாவின் கருமணற் சாடிகளும் அவற்றுள் இருந்தன. பொம்பேயி புதையுண்ட ஆண்டுக்கு முன்னரே, வெசூவியஸின் மண் சோழநாட்டுக்கு வடக்கேயுள்ள ஆற்றங்கரையில் வந்து சேர்ந்துவிட்டது.

இங்கு நாம் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மண் நம் பெருமையைமட்டும் பேசுவதில்லை. நம் பிழைகளையும் திருத்துகிறது. அரிக்கமேட்டில் வரிவரியான உருட்டுக்கோலம் அமைந்த மட்கலங்கள் ஏராளமாகக் கிடைத்தபோது, அவையும் மேற்கிலிருந்து வந்தவை என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். களிமண்ணை ஆராய்ந்தபின், அவை இந்நாட்டிலேயே வனையப்பட்டவை என்பது தெளிவாயிற்று. உரோமர் வந்தபின்தான் இத்துறைமுகம் தோன்றிற்று என்ற கருத்தும் தளர்ந்தது. அதற்கு முன்னரே அங்கு நம்மவர் வாழ்ந்து வாணிகம் செய்தனர். மறுபுறம், உரோமானியச் சாடி என்று நாம் பெருமையோடு எண்ணி வந்த சில்லுகள் பல, உண்மையில் மெசபொத்தேமியாவிலிருந்து வந்தவை என்பதை ராபர்ட்டா டாம்பர் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். அவற்றின் உட்பூச்சு பைன் பிசின் அன்று, கருங்கீல். கைப்பிடியும் அவற்றுக்கு இல்லை. உட்பூச்சைக் கவனியாதவர் அக்கானிக் கலயத்தையும் கள் கலயத்தையும் ஒன்றென்று கொண்டதைப் போன்றது இது.

2007-ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் கொடுங்களூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் ஊரில் அகழ்ந்தது. அங்கும் ஆம்போராச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. கம்பானியாவின் கருமணற் சில்லுகளும் அவற்றுள் உண்டு. பட்டணமே பழைய முசிறி என்று பலர் கருதினர், சிலர் மறுத்தனர். முசிறி எவருக்கு உரியது என்ற வழக்கும் உடன் எழுந்தது. மலையாளிகளுக்கா, தமிழருக்கா? சேரர் துறைமுகம் என்பதால் தமிழருக்கு உரியது என்பார் ஒரு சாரார். கேரள மண்ணில் இருப்பதால் கேரளத்துக்கு உரியது என்பார் மற்றொரு சாரார். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்த எல்லைப்புறத்தவனுக்கு இவ்வழக்கு புதிதன்று. ஆயினும் அச்சில்லைக் கையிலெடுத்துப் பார்த்தால், அது இரு சாராரையும் நோக்கி ஒரே விடையைத்தான் சொல்லும்: நான் வெசூவியஸின் மண். எல்லைக்கோடு தோன்றுவதற்கு முன்னரே வந்தவன். இங்கிருந்தோர் என்னை வரவேற்று, ஈடாக மிளகு தந்தனர்.

ஈடு தந்ததற்கும் சான்று உண்டு. பெரெனிகேயின் கோயில் முற்றமொன்றில், இந்தியத் தாழியில் வைக்கப்பட்ட ஏழரைக் கிலோவுக்கும் சற்று மிகுந்த கருமிளகு கண்டெடுக்கப்பட்டது. பொம்பேயியில் 1938-ஆம் ஆண்டில் இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்று எரிமலைச் சாம்பலிலிருந்து வெளிப்பட்டது. அனைத்தினும் மேலானது மற்றொன்று. பெரெனிகேயில் 1995-இல் கிடைத்த உரோமானியச் சாடிச்சில்லின்மீது தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு தமிழ்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொற்றபூமான் என்று ஐராவதம் மகாதேவன் அதனைப் படித்தார். யவனரின் மதுச்சாடி தமிழகத்துக்கு வந்தது. தமிழன் ஒருவன் எகிப்தின் கரைக்குச் சென்று, அத்தகைய சாடியிலேயே தன் பெயரைத் தாய்மொழியில் எழுதினான். வாணிகம் இருவழிப் பாதை என்பதற்கு இதைவிடச் சிறந்த ஆவணம் வேண்டுமோ?

இவ்வரலாற்றில் பெரும்பகுதி, உடைந்துபோனதால் எறியப்பட்ட பொருள்களால் எழுதப்பட்டது. அலமாரியில் ஒருவர் சில்லைப் பத்திரப்படுத்தி வைத்திராவிட்டால் வீலர் அரிக்கமேட்டுக்குச் சென்றிருக்க மாட்டார். ஆற்று நீர் கரையை அரித்துக்கொண்டே இருப்பதால், அரிக்கும் மேடு என்பதே அரிக்கமேடு ஆயிற்று என்பாரும் உளர். பெயர்க் காரணம் எதுவாயினும், அரிப்பு உண்மை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரைகள் இடிகின்றன; ஒவ்வோர் ஊரிலும் வீட்டுக்கும் கிணற்றுக்கும் அடித்தளம் தோண்டுகிறோம். எங்கள் விழிஞத்தில் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருந்துறைமுகம் ஒன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கடல் மீண்டும் வணிகத்தின் வழியாகிறது, நல்லதே. ஆனால் தோண்டும் மண்ணோடு வெளிவரும் ஓட்டுச் சில்லுகளைக் குப்பையென்று கொட்டிவிடுவோமானால், எழுதிய ஏட்டையே கிழித்தவராவோம்.

சிறுவயதில் நாங்கள் குளத்தின் மேற்பரப்பில் ஓட்டுச்சில்லை எறிந்து, அது எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணி விளையாடினோம். அவற்றுள் எதையும் நாங்கள் திருப்பிப் பார்த்ததில்லை. இன்று ஒரு சில்லு கையிற் கிடைத்தால், எறிவதற்கு முன் அதன் உடைந்த விளிம்பை வெயிலிற் பிடித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது நம் ஊர்க் குயவரின் செம்மண்ணே. ஒருவேளை கரும் மணிகள் மின்னினால், தொல்லியல் துறையாரிடம் கொண்டு சேர்ப்பது நம் கடமை. மின்னாவிட்டாலும் குறைவில்லை, அதுவும் தன் ஊரைச் சொல்லும் மண்தான்.